பென்சிலில் ஒரு நாயின் முகம் – வரையக் கற்போம்

நம் சங்கத்துக் குழந்தைகள் பலர் நன்றாகப் படம் வரைகிறார்கள். மயில், கோபுரம், பொங்கல் பானை எல்லாம் அவர்கள் கையில் எளிதாக வருகின்றன. ஆனால் 'எங்கள் வீட்டு நாயை அப்படியே வரைய வேண்டும்' என்று கேட்டால் பெரியவர்களே தயங்குகிறோம். நாய் என்றால் இரண்டு காது, ஒரு வால் என்ற அளவில் நின்றுவிடுகிறது.

பென்சிலால் ஒரு நாயின் முகத்தை அச்சு அசலாக வரைவதற்குப் பிறவித் திறமை வேண்டும் என்று நினைக்க வேண்டாம். அளந்து பார்க்கும் பொறுமையும், பார்த்ததை மட்டுமே வரையும் கட்டுப்பாடும் போதும். ரயில்வேயில் வரைபட மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்பதால், அந்த முறையிலேயே படிப்படியாக எழுதுகிறேன். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் சேர்ந்தே செய்து பார்க்கலாம்.

பாடத்துக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது உயர்ந்த சாதி நாய் அல்ல. நம் தெருக்களில் திரியும் சாதாரண நாட்டு நாய்தான். இதற்கு மூன்று காரணங்கள். எந்த ஊரில் இருந்தாலும் இது கண்ணில் படும். இதன் முடி குட்டை என்பதால் முகத்தின் எலும்பு அமைப்பு தெளிவாகத் தெரியும். ஆப்பு போன்ற முகம், நிமிர்ந்த கூரான காது, பாதாம் பருப்பு போன்ற பழுப்புக் கண் என்று வடிவங்கள் எளிமையானவை. இதை வரையப் பழகியவருக்கு மற்ற நாய்கள் கடினமாக இரா.

தேவையான பொருள்கள்

பென்சில்கள்: 2எச், எச்பி, 2பி, 4பி, 6பி ஆகிய ஐந்து போதும். நடராஜ், அப்சரா, கேம்லின் எதுவானாலும் சரி. பென்சிலுக்குள் இருப்பது ஈயம் என்று பலரும் எண்ணுகிறார்கள். அது ஈயம் அல்ல; கரியின் ஒரு வகையான கிராஃபைட். இதை 1779-ல் ஷீலே என்ற வேதியியலாளர் எடுத்துக் காட்டினார். 1795-ல் பிரான்சைச் சேர்ந்த கான்டே என்பவர் கிராஃபைட் தூளைக் களிமண்ணுடன் கலந்து சூளையில் சுடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் பென்சில் கடினமாகும். கோடு வெளிறி விழும். இது எச் வரிசை. கிராஃபைட் கூடினால் மென்மையாகும். கோடு கறுத்து விழும். இது பி வரிசை. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்தால், எந்த இடத்துக்கு எந்தப் பென்சில் என்பது தானே விளங்கும்.

தாள்: சற்றுக் கனமான, வழவழப்பான கார்ட்ரிட்ஜ் தாள், ஏ4 அளவு. சொரசொரப்பான தாளில் மெல்லிய முடி வராது.

மற்றவை: அடிக்கோல், பிளேடு, ஒரு துண்டு உப்புத்தாள், சாதாரண ரப்பர், பிசைந்து உருட்டக்கூடிய ஓவிய ரப்பர், ஒரு பட்டர் பேப்பர், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா ஒன்று. கடைசியாகச் சொன்னது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

பென்சிலைத் துருவியில் சீவ வேண்டாம். பிளேடால் நீளமாகச் சீவி, முனையை உப்புத்தாளில் உருட்டித் தேய்த்துக் கூராக்குங்கள். (பிளேடு வேலையைச் சிறுவர்களுக்குப் பெரியவர்கள் செய்து கொடுக்க வேண்டும்.) முடி வரையும்போது இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை உப்புத்தாளுக்குப் போக வேண்டியிருக்கும்.

நல்ல புகைப்படம்

நாய் அசையாமல் உட்காராது. ஆகவே புகைப்படம் வேண்டும். இப்போது எல்லார் கையிலும் கேமரா உள்ள தொலைபேசி இருக்கிறது. நான்கு விதிகளைக் கடைப்பிடியுங்கள்.

1. நின்றபடி மேலிருந்து எடுக்காதீர்கள். தரையில் உட்கார்ந்து, நாயின் கண் மட்டத்தில் எடுங்கள்.

2. முகத்துக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். அருகில் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் விழும். இரண்டு மீட்டர் தள்ளியிருந்து, படத்தைப் பெரிதாக்கி எடுங்கள்.

3. பிளாஷ் வேண்டாம். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. பிளாஷ் பட்டால் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரிந்து, கண்மணி மறைந்துவிடும். மேலும் நிழல் எல்லாம் அழிந்து முகம் தட்டையாகிவிடும்.

4. காலை எட்டு மணி வெயில் போல ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒளியே நல்லது. முகத்தின் ஒரு பாதி வெளிச்சம், மறு பாதி நிழல் என்றிருந்தால் பாதி வேலை முடிந்தது.

முகம் நேராக இல்லாமல், அரைப்பக்கம் திரும்பியிருக்கும் படத்தைத் தேர்ந்தெடுங்கள். நேர் முகத்தில் மூஞ்சி நம்மை நோக்கி நீண்டிருக்கும். அதைக் காட்டக் கோடே கிடைக்காது, நிழல் ஒன்றால்தான் காட்ட முடியும். தொடக்கத்தில் அது சிரமம்.

பழக்கமில்லாத தெரு நாயிடம் பிள்ளைகளைத் தனியாக அனுப்ப வேண்டாம். கண்ணுக்குக் கண் உற்றுப் பார்ப்பதைப் பல நாய்கள் மிரட்டலாக எடுத்துக்கொள்ளும்.

கட்டம் போட்டு அளவெடுத்தல்

புகைப்படத்தை 9 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம் இருக்கும்படி அச்சிட்டுக்கொள்ளுங்கள். அதன் மேல் 1.5 செ.மீ. கட்டங்கள் போடுங்கள். குறுக்கே 6, நெடுக்கே 8, ஆக 48 கட்டங்கள். வரையும் தாளில் 18 செ.மீ. அகலம், 24 செ.மீ. உயரத்தில் 3 செ.மீ. கட்டங்களை 2எச் பென்சிலால், அழுத்தாமல், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் போடுங்கள். இப்போது படம் இரு மடங்காகும். கண் வரும் கட்டங்களை மட்டும் மேலும் நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். அங்கே அரை மில்லிமீட்டர் தவறினாலும் முகம் மாறிவிடும்.

ஒவ்வொரு கட்டமாக எடுத்து, எல்லைக்கோடு கட்டத்தின் எந்தப் பக்கத்தை எந்த இடத்தில் வெட்டுகிறது என்று பார்த்துப் புள்ளி வையுங்கள். பிறகு புள்ளிகளை இணையுங்கள். அப்போது 'இது கண், இது காது' என்று நினைக்கக் கூடாது. நினைத்தால், பார்த்ததை விட்டுவிட்டு நமக்குத் தெரிந்த கண்ணையும் காதையும் கை வரைந்துவிடும். மனித முகத்தில் இரண்டு கண்களுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு கண்ணின் அகலம் இடைவெளி இருக்கும். நாய்க்கு அதைவிட அதிகம். தொடக்கநிலையில் வரையப்படும் நாய் முகங்கள் மனிதச் சாயலில் அமைந்துவிடுவதற்கு இந்த இடைவெளி குறைவதே முக்கியக் காரணம்.

கட்டம் போடுவது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வதுண்டு. வரைபடத்தில் அளவுகோல் வைப்பது எப்படி ஏமாற்று இல்லையோ, அப்படியே இதுவும். நான்கைந்து படங்களுக்குப் பிறகு கண்ணே கட்டம் போடத் தொடங்கிவிடும்.

'நாய் மாதிரி' வேறு, 'அந்த நாய்' வேறு

எங்கள் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பம் நான்கு ஆண்டுகள் இருந்தது. வாசலில் மோத்தி என்று ஒரு தெரு நாய். அதற்குத் தினமும் சோறு வைப்பது அந்த வீட்டின் ஏழாம் வகுப்புப் பெண். தகப்பனாருக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றல் வந்தது. அங்கே மூன்றாவது மாடியில் வாடகை வீடு. மோத்தியோ தெருவிலேயே பிறந்து வளர்ந்தது. காவலாளி முதல் பால்காரர் வரை எல்லாருக்கும் சொந்தம். கூட்டிப்போக முடியாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். தொலைபேசியில் படங்கள் நிறைய இருந்தும், அந்தப் பெண் 'நானே வரைந்து எடுத்துப் போகிறேன்' என்று என்னிடம் வந்தாள். லாரி வர இருபது நாள் இருந்தது.

முதல் படத்தை ஐந்து நாளில் முடித்தாள். கட்டம் சரி, அளவு சரி. நெடுநேரம் பார்த்துவிட்டு, "தாத்தா, இது நாய் மாதிரி இருக்கு. மோத்தி மாதிரி இல்லையே" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. இருவரும் வாசலுக்குப் போய், அரை மணி நேரம் மோத்தியை மட்டும் பார்த்து, ஒரு தாளில் பட்டியல் எழுதினோம். ஒரு காதின் நுனியில் சிறு முக்கோண வெட்டு. (கருத்தடை அறுவை செய்யப்பட்ட தெரு நாய்க்கு இடும் அடையாளம் அது.) மற்றக் காது முழுதும் நிமிராமல் நுனியில் சற்று மடிந்திருக்கும். மோவாயில் நரை. மூக்குத்தண்டின் நடுவில் பழைய கீறல். அங்கே முடி முளைக்கவில்லை. இடது புருவம் வலதைவிடச் சற்று மேலே. இவற்றில் மூன்று அவளுடைய படத்தில் இல்லை. 'அழகாக இருக்காது' என்று கீறலை அவளே விட்டிருந்தாள்.

இரண்டாவது படத்தில் ஐந்தும் வந்தன. அதைக் காவலாளியிடம் ஒன்றும் சொல்லாமல் நீட்டினாள். அவர் பார்த்த உடனே, "அரே, மோத்தி!" என்றார்.

இதுதான் தேர்வு. நாயை அறிந்த ஒருவரிடம் பெயர் சொல்லாமல் காட்டுங்கள். பெயர் அவர் வாயிலிருந்து வர வேண்டும். அதற்காக வரைவதற்கு முன்பே, உங்கள் நாய்க்கு மட்டும் உரிய ஐந்து அடையாளங்களைப் பட்டியல் போடுங்கள். வடு, நரை, மடிந்த காது ஆகியவை குறைகள் அல்ல, முகவரிகள்.

கண்

எல்லைக்கோடு முடிந்ததும் கட்டங்களை மெல்ல அழித்துவிட்டுக் கண்ணில் தொடங்குங்கள். கண் சரியாக வந்தால் மீதிக்கு உற்சாகம் வரும்.

முதலில் ஒளிப்புள்ளி. கண்மணியின் மேல் ஓரத்தில் ஜன்னலோ வானமோ பிரதிபலிக்கும் வெள்ளைப் புள்ளியை 2எச்-ல் சுற்றி வரைந்து, அதற்குள் கடைசி வரை பென்சில் படாமல் காக்க வேண்டும். தாளின் வெண்மையைவிட வெண்மை நம்மிடம் வேறு இல்லை.

அடுத்து வட்டமான கண்மணி. 4பி, பிறகு 6பி. இமை விளிம்பு மை தீட்டியது போலக் கறுத்திருக்கும், அதுவும் 4பி. கருவிழிக்கு எச்பி, 2பி. மேல் இமையின் நிழல் விழும் மேற்பகுதி இருளாகவும், ஒளிப்புள்ளிக்கு எதிர்ப்புறமான கீழ்ப்பகுதி வெளிச்சமாகவும் இருக்க வேண்டும். மேலிருந்து நுழைந்த ஒளி கீழே தங்கி மின்னுவதால் இப்படி. இந்த ஒரு வேறுபாட்டில் கண் கோலிக்குண்டு போல உருண்டு நிற்கும். வெள்ளை விழி ஓரத்தில் சிறிதே தெரியும். அதையும் முழு வெள்ளையாக விடாமல் எச்பியால் லேசாகச் சாம்பலாக்குங்கள்.

கண்ணுக்கு மேலுள்ள புருவத் தசையைக் கவனியுங்கள். நாய்க்குப் புருவத்தின் உட்புறத்தை உயர்த்தும் தசை நன்கு வளர்ந்திருப்பதும், ஓநாய்களுக்கு அது பெரும்பாலும் மெல்லிய நார்களாகவே இருப்பதும் 2019-ல் வெளியான ஓர் ஆய்வில் தெரியவந்தது. 'பாவமாகப் பார்க்கிறதே' என்று நாம் உருகுவதற்கு இந்தத் தசையின் அசைவே காரணம். ஆகவே நாயின் முகபாவத்தைக் கண்ணுக்குள் தேட வேண்டாம். கண்ணுக்கு மேலே உள்ள மேடு பள்ளத்தில் தேடுங்கள்.

மூக்கு

மூக்கை வெறும் கறுப்பாக நிரப்பிவிடக் கூடாது. அதற்கு மேற்பரப்பு, முன்பரப்பு, துவாரம் என மூன்று அடுக்கு. மேலே வானத்து ஒளி விழுவதால் வெளிர், முன்னே நடுத்தரம், துவாரம் முழு இருட்டு. துவாரம் வட்டம் அல்ல. காற்புள்ளி போல, வெளிப்பக்கம் ஒரு கீற்றாக வளைந்து போகும். நடுவில் மேலிருந்து உதட்டுக்கு இறங்கும் சிறு பள்ளத்தை மறக்காதீர்கள்.

தோலின் பொருபொருப்புக்கு எச்பியால் நெருக்கமாகச் சிறு சிறு வட்டங்கள் போட்டு, அவற்றின் இடைவெளிகளை 4பியால் இருளாக்குங்கள். ஈரப் பளபளப்புக்கு ஓவிய ரப்பரைக் கூராகப் பிசைந்து ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும்.

முடி

பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். முதலில் முடியை வரையாதீர்கள். முடியின் திசையை வரையுங்கள். வேறொரு தாளில் முகத்தின் எல்லையை மட்டும் போட்டு, அம்புக்குறிகள் இடுங்கள். மூக்குக்குப் பின்னால் தொடங்கும் குட்டை முடி கண்களை நோக்கிப் போகும். கண்களுக்கு நடுவில் விசிறி போல விரியும். நெற்றியில் காதுகளை நோக்கி ஏறும். கன்னத்தில் பின்னும் கீழுமாகச் சாயும். கழுத்தில் இறங்கும். இந்த வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

பொறியியல் வரைபடத்தில் ஒரு கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமனில் இருக்க வேண்டும். முடிக்கு இது நேர் எதிர். வேரில் அழுத்தி, நுனியில் கையை எடுத்துவிட வேண்டும். மணிக்கட்டைச் சுண்டினால் வரும். ஒரு தாள் முழுதும் இதையே பயிற்சி செய்யுங்கள்: 5 மி.மீ. நீளம், வேர் தடித்து, நுனி மறைந்து. எல்லாக் கோடுகளும் இணையாக இருந்தால் சீப்புப் பல் போலாகிவிடும். ஒன்றையொன்று சற்றே வெட்டிக்கொள்ள வேண்டும்.

முடியை மூன்று சுற்றாக வளருங்கள். முதல் சுற்று எச்பியில், எங்கே நிழல், எங்கே வெளிச்சம் என்பதை மட்டும் காட்டும். இரண்டாவது 2பியில், நிழல் பகுதிகளில் மட்டும். மூன்றாவது 4பியில், காதின் உட்புறம், கழுத்தின் அடி, கடைவாய் போன்ற ஆழமான இடங்களில் மட்டும். நேரே 6பியை எடுத்து அழுத்தினால் கிராஃபைட் பளபளத்து, சாய்த்துப் பார்க்கும்போது கறுப்பு வெள்ளையாக மின்னும். மேலே வேறெதுவும் ஏறாது.

விரலால் தேய்த்து நிழலைப் பரப்ப வேண்டாம். விரலின் எண்ணெய்ப் பசை தாளில் ஏறித் திட்டுத் திட்டாகும், முடியும் புகையாகிவிடும். கைக்கு அடியில் பட்டர் பேப்பரை வைத்துக்கொள்ளுங்கள். வலக்கைக்காரர்கள் இடமிருந்து வலமாகவும், இடக்கைக்காரர்கள் வலமிருந்து இடமாகவும் போனால் முடித்த இடம் கலையாது.

மீசையும் நரையும்

மை தீர்ந்த பேனாவின் வேலை இப்போது. கறுத்த மூஞ்சியின் மேல் வெள்ளையாகத் தெரியும் மீசையையும் மோவாய் நரையையும் எப்படிக் கொண்டுவருவது? அந்த இடத்தில் நிழல் தீட்டுவதற்கு முன்பே, அந்தப் பேனாவால் அழுத்தி மீசைக் கோடுகளை இழுத்துவிடுங்கள். தாளில் கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால் விழும். பிறகு பென்சிலைப் படுக்கவைத்து நிழல் தீட்டினால், வாய்க்காலுக்குள் கிராஃபைட் இறங்காது. மீசை வெள்ளையாக மேலே வரும். முகத்தை விட்டு வெளியே வெள்ளைத் தாளில் நீளும் மீசையை மட்டும் எச்பியால் வரையுங்கள்.

வெள்ளை நாய், கறுப்பு நாய்

இராஜபாளையம் நாயை வரைய விரும்புவோர் இருப்பார்கள். 2005-ல் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு இந்திய நாய்த் தபால்தலைகளில் அதுவும் ஒன்று. வெள்ளை நாயை வெள்ளைத் தாளில் காட்டுவதற்கு வழி, நாயை விட்டுவிட்டுப் பின்னணியை இருளாக்குவதே. நாயின் மேல் 2எச், எச்பி தவிர வேறெதுவும் வேண்டாம். கறுப்பு நாய்க்கு எதிர் வழி: ஒளி படும் நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன மேடு ஆகியவற்றைத் துணிந்து சாம்பலாக விடுங்கள். எல்லாவற்றையும் கறுப்பாக்கினால் முகம் வெறும் நிழல் ஆகிவிடும்.

ஒரு பழைய படம்

நம் வீடுகளில் இசைத்தட்டு வைத்திருந்தவர்களுக்கு எச்.எம்.வி. நாயைத் தெரியாமல் இராது. அதன் பெயர் நிப்பர். இங்கிலாந்து ஓவியர் பிரான்சிஸ் பாராட் வீட்டில் இருந்தது. அது 1895-ல் இறந்தது. அதன் பிறகே அவர் அந்தப் படத்தை வரைந்தார். முதலில் பழைய உருளை போனோகிராஃப் இயந்திரத்தின் முன் நிப்பர் இருந்தது. 1899-ல் கிராமபோன் கம்பெனி வாங்கியபோது இயந்திரத்தை மட்டும் மாற்றி வரைந்து கொடுத்தார். நாயை மாற்றவில்லை. தலையைச் சற்றே சாய்த்துக் காது கொடுக்கும் அந்த நிலை, நாயை நன்றாகக் கவனித்திருந்தவர் கையில்தான் வரும். நிப்பருக்கும் உயர்ந்த சாதி என்று ஒன்றும் கிடையாது, கலப்பு டெரியர்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ வயதான நாய் இருந்தால், படத்தைத் தள்ளிப் போடாதீர்கள். புகைப்படத்தைப் பிறகும் பார்க்கலாம். ஆனால் பட்டியல் எழுதுவதற்கு நாய் எதிரில் இருக்க வேண்டும்.

பயிற்சித் திட்டம்

முதல் வாரம்: வெளிர் முதல் கறுப்பு வரை ஏழு கட்டங்களில் நிழல் அளவுகோல், முடிக்கோடு ஒரு தாள், கண் மட்டும் மூன்று முறை.

இரண்டாம் வாரம்: மூக்கு இரண்டு முறை, புகைப்படம், ஐந்து அடையாளப் பட்டியல், கட்டம், எல்லைக்கோடு.

மூன்றாம் வாரம்: தினமும் ஒரு மணி நேரம். கண், மூக்கு, முகம், காது, கழுத்து என்ற வரிசை. கண்ணும் கையும் சோர்ந்தால் நிறுத்திவிடுங்கள்; மறுநாள் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் பிழை எளிதில் தெரியும்.

முடித்த படத்தை ஓவியக் கடையில் கிடைக்கும் ஃபிக்ஸேட்டிவ் தெளித்து, கண்ணாடி ஒட்டாதபடி நடுவில் அட்டைச் சட்டம் வைத்து மாட்டுங்கள். தெளிப்பது திறந்த வெளியில், பெரியவர் கையால்.

தெளிப்பதற்கு முன் ஒரு வேலை உண்டு. படத்தின் அடியில் நாயின் பெயர், ஊர், தேதி மூன்றையும் பிள்ளைகளின் கையெழுத்தில், தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். மோத்தியின் படத்தில் அந்தப் பெண் அப்படித்தான் எழுதினாள். 'மோ'வுக்குக் கொம்பு எந்தப் பக்கம் என்று என்னிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டு எழுதினாள். லாரியில் ஏற்றாமல், சுருட்டி ஒரு அட்டைக் குழாயில் போட்டு, ரயிலில் கையிலேயே எடுத்துப் போனாள்.